ஆணியில் தொங்கும் பலூன்

மகனே,

கரூரில் வேலையை முடித்துவிட்டு நீ ஊருக்கு வண்டி ஏறுவதற்குள் இது உன் கையில் கிடைக்க வேண்டும். அதனால் கரூர் போகிற, நமக்குத் தெரிந்த டிரைவரிடமே கொடுத்தனுப்புகிறேன். போனில் சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று நினைப்பாய். நாம் இரண்டு பேரும் போனில் பேசி எந்தப் பேச்சு உருப்பட்டிருக்கிறது? எனக்கு இடது காது கேட்காது, அதனால் கத்துவேன். நான் கத்தினால் நீயும் கத்துவாய். நேரில் என்றால் இன்னும் மோசம். பாதியில் நீ எழுந்து போய்விடுவாய், இல்லையென்றால் நான் கையை ஓங்கிவிடுவேன். காகிதத்துக்குக் கை கிடையாது. ஆகவே இதில் முழுசாகச் சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். ஆட்கள் முன்னால் நின்றுகொண்டு படிக்காதே. தனியாக ஓரிடத்தில் உட்கார்ந்து கடைசி வரிவரை படி. பாதியில் கசக்கி எறிந்தாயானால், நீ என் மகன்தான் என்று ஊருக்கு நிரூபித்ததாக ஆகும். அதை ஊர் ஏற்கெனவே நன்றாகப் பார்த்துவிட்டது.

ஆவணியில் உனக்கும் கோமதிக்கும் கல்யாணம் என்று பேசி முடித்திருக்கிறோம். பத்திரிகை இன்னும் அச்சுக்குப் போகவில்லை. அச்சாபீஸ்காரர் தாமதம் செய்கிறார் என்று உன்னிடம் சொன்னேன் அல்லவா? அவர் பாவம், நான்தான் நிறுத்தி வைத்திருக்கிறேன். கோமதியின் அப்பா, உன் அம்மாவின் தம்பி சுடலை, உனக்குத் தாய்மாமன். அவனுக்கு வலது கை முழங்கைக்குக் கீழே கிடையாது. தினமும் காலையில் அவன் சட்டைக் கையை மடித்துப் பின் குத்திவிடுவது கோமதிதான், சின்ன வயதிலிருந்து. பஸ்ஸுக்கு அடியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது பலூன் வெடித்துக் கை நசுங்கிவிட்டது என்று உனக்கு நான் சொல்லி வளர்த்தேன். அது பொய். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நம் தொழிலைப் பற்றி உனக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இதை நீ கோமதிக்கும் படித்துக் காட்ட வேண்டிவரும். அதனால் அவளுக்கும் புரிகிற மாதிரி எழுதுகிறேன், பொறுத்துக்கொள். பழைய பஸ்ஸெல்லாம் இரும்புப் பட்டையின் மேல் ஓடின. இப்போது சென்னைக்குப் போகிற பெரிய பஸ்கள் காற்றின் மேல் உட்கார்ந்து ஓடுகின்றன. சக்கரங்களை இணைக்கிற அச்சுக்கும், மேலே பஸ்ஸைத் தாங்குகிற இரும்புச் சட்டமான சேஸிஸுக்கும் நடுவில் தடித்த ரப்பர்ப் பை இருக்கும். நாம் அதைப் பலூன் என்கிறோம். பலூனில் எவ்வளவு காற்று நிற்க வேண்டும் என்று பார்த்துக்கொள்வது லெவலிங் வால்வு. வால்விலிருந்து ஒரு சின்ன லிவர் நீட்டிக்கொண்டிருக்கும், அந்த லிவரை அச்சோடு ஒரு ராடு இணைக்கும். பாரம் ஏறி பஸ் தாழ்ந்தால் லிவர் மேலே போகும், பலூனுக்குள் காற்று ஏறும். பாரம் இறங்கி பஸ் உயர்ந்தால் லிவர் கீழே வரும், காற்று வெளியேறும். ராட்டின் நீளத்தைத் திருகி மாற்றினால் பஸ் நிற்கிற உயரம் மாறும். அத்தனை பெரிய பஸ்ஸைத் தூக்கிப் பிடித்திருப்பது வெறும் காற்று. அது போய்விட்டால் பஸ் ஐந்து விரல் அகலம் கீழே உட்காரும். அந்த ஐந்து விரலுக்குள்தான் நம் கையும் தலையும் போய்ப் போய் வருகின்றன. அதற்காகத்தான் கருவேலங்கட்டை. உள்ளே போகிறவன் அச்சுக்கும் சேஸிஸுக்கும் நடுவில் கட்டையை வைத்துவிட்டுப் போவான். வைத்தவனே வெளியே வந்து எடுக்கிற வரையில் வேறு யாரும் அதைத் தொடக் கூடாது. சாமிக்கு விளக்கு ஏற்றாமல்கூட நம் பட்டறையைத் திறந்திருக்கிறோம், இந்த வழக்கத்தை மட்டும் யாரும் மீறியதில்லை என்று பெருமையடித்துக்கொள்வேன். மீறியவன் ஒருவன் உண்டு.

முதலில் என் காது போன கதை. அதைப் பட்டறையில் சிரிப்புக் கதையாகத்தான் சொல்வேன். பஸ் ஜாக்கியில் நிற்கும்போது, சக்கரம் தரையில் படாமல் தொங்கும்போது பலூனுக்குக் காற்று விடாதே என்று எனக்குத் தொழில் சொல்லித் தந்தவர் சொல்லியிருந்தார். அவர் சொன்னார் என்பதாலேயே ஒரு நாள் விட்டேன். யார் எனக்குப் புத்தி சொல்வது என்கிற திமிர். தடுக்க மேலே பாரம் இல்லாமல் பலூன் ஊதிக்கொண்டே போய்க் கீழ்த்தட்டைப் பிய்த்துக்கொண்டு வெடித்தது. என் காது மடல் பாதி கிழிந்து கழுத்தில் தொங்கியது. ரத்தம் சட்டைக்குள் ஓடியது தெரிந்தது, சத்தம் ஒன்றுமே கேட்கவில்லை. அப்போது சுடலை என்னிடம் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அவன்தான் என்னை இழுத்து வெளியே போட்டு, தோளில் தூக்கிக்கொண்டு திருவேங்கடம் ரோட்டில் ஓடினான். அந்த வலது தோளில்தான். சிரிப்புக் கதை சொல்லும்போது இந்தப் பகுதியை நான் விட்டுவிடுவது வழக்கம்.

இனி மாமாவின் கை. அது பங்குனி மாதம், மத்தியான வெயில் மண்டையைப் பிளந்தது. ஒரு சென்னை பஸ் சாயங்காலம் புறப்பட வேண்டும். கடையநல்லூரில் வெளிநாடு போகிறவர்கள் மொத்தமாக அதில்தான் ஏறுவார்கள், ஆளுக்கு இரண்டு மூன்று பெட்டி. பாரம் தாங்காமல் பின்பக்கம் வேகத்தடையில் எல்லாம் இடிக்கிறது, இரண்டு விரல் உயர்த்திக் கொடு என்று பஸ் முதலாளி நச்சரித்துக்கொண்டிருந்தார். சுடலை கட்டையை வைத்துவிட்டு உள்ளே படுத்திருந்தான். அளந்து பார்த்துவிட்டு உள்ளேயிருந்தே குரல் கொடுத்தான். "அத்தான், கம்பெனி சொன்ன அளவுலதான் நிக்கி. இதுக்கு மேல ஏத்துனா சாஃப்ட்டு கோணம் மாறி கிராஸ் ஒடைஞ்சிரும். நான் ஏத்த மாட்டேன்." எஞ்சினிலிருந்து பின்சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகிற தண்டுதான் சாஃப்ட்டு, அதன் மூட்டு கிராஸ்; அவன் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அதுதான் எனக்கு எரிச்சல். "ஏத்துலேன்னா ஏத்துலே" என்றேன். "நீங்க வேணும்னா வந்து ஏத்துங்க. வழியில சாஃப்ட்டு வுழுந்து நாலு பேரு செத்தா நான் பொறுப்பில்ல" என்றான். டிரைவர், கிளீனர், பஞ்சர் ஒட்ட வந்தவர் எல்லாரும் நின்றுகொண்டிருந்தார்கள். டிரைவர் லேசாகச் சிரித்தான். எனக்குத் தலைக்குள் ஏதோ அறுந்தது. சக்கரத்தின் பின்னால் உட்கார்ந்து கையை விட்டு, அவன் வைத்த கட்டையை உருவிக் காலால் தள்ளிவிட்டேன். "கட்டையும் கிடையாது ஒண்ணும் கிடையாது, இப்பம் ஏத்துத பாரு" என்றேன்.

அவன் சொன்னான்: "அத்தான், கட்டைய வையுங்க. கை உள்ள இருக்கு."

எனக்குக் கேட்கவில்லை என்று இத்தனை வருஷமாக எனக்கே சொல்லிக்கொண்டு வந்தேன். காது செவிடு, காற்றுச் சத்தம் வேறு, எப்படிக் கேட்கும் என்று. மகனே, அவன் படுத்திருந்தது என் வலது பக்கம். நன்றாகக் கேட்டது. கேட்டதும் கோபம் இன்னும் ஏறியது, எனக்கே உத்தரவு போடுகிறானா என்று. கையில் வீல் ஸ்பானர் இருந்தது. வால்வைப் பார்த்து ஓங்கி ஒரு போடு போட்டேன். அதில் காற்றுக் குழாயை மாட்டுகிற பித்தளை நிப்பிள் முறிந்தது. அடைத்து வைத்திருந்த காற்று முழுவதும் என் முகத்தில் பீறிட்டது, கரிசல் மண் புழுதி கண்ணை மறைத்தது, பஸ் உட்கார்ந்தது. எலும்பு நொறுங்குகிற சத்தத்தை நீ கேட்டதில்லை, கேட்கவும் வேண்டாம். அவன் கத்தினான். ஜாக்கி வைத்துத் தூக்கி அவனை இழுத்தபோது முழங்கைக்குக் கீழே இருந்தது கை மாதிரியே இல்லை. கிரீஸும் ரத்தமும் சதையும் சேர்ந்து சட்டைத் துணியோடு அரைத்துப்போயிருந்தது. அச்சின் மேல் அவன் கைக்கடிகாரம் ஒட்டிக்கொண்டிருந்தது.

இதற்கு மேல் ஒன்று செய்தேன். அதை எழுதத்தான் பேனா நகரமாட்டேன் என்கிறது. அவனை வேனில் ஏற்றியபோது என்னையும் ஏறச் சொன்னார்கள். பின்னால் வருகிறேன் என்றேன். எல்லாரும் வேன் பின்னால் ஓடிப்போனார்கள், டிரைவர்கூட. பட்டறையில் தனியாக இருந்தேன். ரப்பர் ஷீட் அறுக்கிற கத்தியை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு அடியில் போய், நன்றாக இருந்த பலூனை ஒரு சாண் நீளத்துக்குக் கிழித்தேன். கத்தி நழுவி என் உள்ளங்கையும் கிழிந்தது, அந்தத் தழும்பைத்தான் மாமாவைத் தூக்கும்போது பட்ட காயம் என்று காட்டுவேன். முறிந்த நிப்பிளைக் கழற்றிக் குப்பையில் போட்டேன். ஏட்டையா வந்து பார்த்தார். பலூன் வெடித்துவிட்டது என்றேன். கூட நின்று பார்த்தவர்கள் கேஸ், கோர்ட்டு என்று அலையப் பயந்து, நாங்கள் ஒன்றும் பார்க்கவில்லை என்றார்கள். அவருக்குப் பலூனைப் பற்றி என்ன தெரியும், எழுதிக்கொண்டு போனார். ஆஸ்பத்திரியில் சுடலையும் அதையேதான் சொன்னான் என்று அப்புறம் கேள்விப்பட்டேன். வலியில் அவனுக்கு எதுவும் ஞாபகமில்லை என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருந்தது.

அந்தப் பலூனைத்தான் பட்டறைச் சுவரில் ஆணி அடித்து மாட்டி வைத்திருக்கிறேன். புதிதாக வேலைக்கு வருகிற ஒவ்வொருவரையும் அதன் முன்னால் நிறுத்தி, கவனமில்லாமல் இருந்தால் இப்படித்தான் ஆகும் என்று பாடம் நடத்துவேன். உன்னையும் நிறுத்தியிருக்கிறேன். நீ எத்தனை வெடித்த பலூனைக் கழற்றியிருக்கிறாய்! வெடித்த ரப்பரின் வாய் நார்நாராகப் பிரிந்து நூல் தொங்கும். இதன் வாயைத் தொட்டுப் பார். வெள்ளரிப் பிஞ்சை நறுக்கிய மாதிரி நேராக இருக்கும். இவ்வளவு தொழில் தெரிந்த நீ இதை ஒரு நாளும் உற்றுப் பார்க்காதது ஏன் என்று நான் யோசித்ததுண்டு. அப்பா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று விட்டிருப்பாய். அது என்னை இன்னும் அதிகமாகச் சுடுகிறது.

உன் அம்மா அப்படி விடவில்லை. அன்று ஆஸ்பத்திரிக்கு அவளை அழைத்துப்போக வீட்டுக்கு வந்தேன். அழுதுகொண்டே பையில் துணி எடுத்து வைத்தவள் சட்டென்று நின்று கேட்டாள்: "கட்டை வைக்காம எந்தம்பி உள்ள போவ மாட்டானே. கட்டைய யாரு எடுத்தா?" நான் அறைந்தேன். கீழே விழுந்தவளை மறுபடியும் அடித்தேன். கட்டு போட்ட கையால் அடித்ததில் என் ரத்தம் அவள் கன்னத்தில் ஒட்டியது. நீ அப்போது மூன்றாவதோ நான்காவதோ படித்தாய். அடுக்களை வாசலில் தண்ணீர்ச் செம்போடு நின்றாய். உனக்கு ஞாபகம் இருக்கிறதா என்று நான் கேட்டதில்லை. அடுத்த வாரம் பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் இருந்த பையனின் முகத்தில் ஜியாமெட்ரி பாக்ஸால் அடித்தாய் என்று வாத்தியார் கூப்பிட்டு அனுப்பினார். நான் போய் அந்த வாத்தியாரிடம் சண்டை போட்டுவிட்டு வந்தேன். பையன் என்றால் நாலு அடி கொடுக்கத்தான் செய்வான் என்று சொன்னேன். அன்றைக்கு உன்னை உட்கார வைத்துப் பேசியிருந்தால் இன்றைக்கு இவ்வளவு பக்கம் எழுத வேண்டியிருக்காது.

இப்போது உன்னுடைய கதைக்கு வருகிறேன். சங்கரன்கோயிலில் ஆடித் தபசுத் திருவிழா அன்று பஸ் ஸ்டாண்டில் ஒரு பக்கம் சாய்ந்து நின்ற பஸ்ஸைச் சரி செய்யப் போனாய். ராட்டைத் திருகி உயரம் வைத்தாய், லாக் நட்டை இறுக்கினாய், இரண்டு பக்கமும் அளந்தாய். வேலையில் குறை சொல்ல முடியாது. கட்டையைக்கூட எடுக்காமல் வெளியே வந்து நின்றபோது அந்த டிரைவர், "ஒங்க அப்பன் வச்சா ஒரு வாரம் நிக்கும், நீ வச்சா சங்கரன்கோயில் எல்லையத் தாண்டாது வே" என்றான். திமிர்ப் பேச்சுதான். நீ பதில் பேசிக்கொண்டே போனாய், அவனும் பேசினான், ஸ்பானர் பறந்தது. அவன் காதுக்கு மேலே பிளந்து ரத்தம் கொட்டியது. ஏழு தையல். விழுந்தவனை இரண்டு உதை உதைத்தாய். அத்தோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை என்று சொல்லியிருப்பேன், நான் அப்படிப்பட்ட ஆள்தானே. நீ திரும்பிப் போய்க் கட்டையை உருவி எறிந்தாய். ராட்டைக் கழற்றினாய். "இப்பம் எடுத்துட்டுப் போலே பாப்போம்" என்று லிவரை அமுக்கிப் பிடித்துக் காற்று முழுவதையும் இறக்கினாய். பஸ் சீறிக்கொண்டு உட்கார்ந்தது. தபசு பார்க்க வந்த சனம் பஸ் நிழலில்தான் வெயிலுக்கு ஒதுங்கிக் கிடந்தது. நீ டிரைவரோடு மல்லுக்கட்டிய நேரத்தில், பின்சக்கரத்துக்குப் பின்னால் ஒரு ஆள் துண்டை விரித்துத் தலையை உள்ளே வைத்துப் படுத்திருந்தார். நீ கட்டையை உருவுவதற்குச் சற்று முன்புதான் தண்ணீர் குடிக்க எழுந்து போனார். துண்டு அங்கேயே விரித்தபடி கிடந்தது. நீ குனிந்து பார்க்கவில்லை.

எனக்கு இதை யார் சொன்னது தெரியுமா? சுடலை. கை போன பிறகு அவன் பஸ் ஸ்டாண்டில்தானே டைம் கீப்பர் வேலை பார்க்கிறான், அன்றைக்கும் நோட்டோடு அங்கேதான் நின்றுகொண்டிருந்தான். உன்னைக் கரூருக்கு அனுப்பி வைத்துவிட்டு, டிரைவர் வீட்டில் காலில் விழாத குறையாகப் பேசிவிட்டு வந்தேன். ஆனால் உண்மையைச் சொல்கிறேன், ஸ்பானர் வீசியதைக் கேட்டபோது எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது. எவனும் என் மகனிடம் வாலாட்ட முடியாது என்று. அந்தச் சந்தோஷத்துக்காக என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் போவதற்கு முன்பே சுடலை பட்டறை முற்றத்தில் நின்றான். உயரம் வைப்பதற்காக நின்ற பஸ்ஸின் பக்கத்தில், இடது கையில் கழற்றின ராடு. அவன் காலடியில் கட்டை கிடந்தது. "உள்ள போங்க அத்தான்" என்றான். சிரிப்பில்லாமல் சொன்னான். "கட்டைய வச்சுட்டுப் போறேன்" என்று குனிந்தேன். கட்டையின் மேல் காலை வைத்துக்கொண்டான். "அன்னைக்கு எனக்கு இருந்த மாதிரியே போங்க" என்றான். அப்போதுதான் மகனே, பதினாறு வருஷமாக அவனுக்கு எல்லாம் தெரியும் என்பது எனக்குத் தெரிந்தது. ஓடியிருக்கலாம். அவனை ஒரு தள்ளு தள்ளியிருக்கலாம், ஒற்றைக் கைக்காரன்தானே. ஏனோ படுத்தேன். முதுகு மண்ணில் உரச உள்ளே நகர்ந்தேன். நெஞ்சுக்கு மேலே நான்கு விரல் உயரத்தில் சேஸிஸ் குறுக்குச் சட்டம் நின்றது.

அவன் சக்கரத்துக்குப் பின்னால் உட்கார்ந்தான். லிவரில் அவன் விரல் இருந்ததைப் பார்த்தேன். "அன்னைக்கு நீங்க போட்டிருந்த செருப்புல இடது வாரு அறுந்து கம்பி போட்டுக் கட்டியிருந்திய. அந்தக் காலுதான் கட்டையத் தள்ளுச்சு. நான் பாத்துக்கிட்டுத்தான் கெடந்தேன்" என்றான். ஏம்லே போலீசில் சொல்லவில்லை என்று கேட்டேன். "மன்னிச்சுட்டேன்னு நெனைச்சியளா? அக்கா மவனக் கையில புடிச்சுக்கிட்டு என் கட்டிலுகிட்ட வந்து நின்னா. கன்னத்துல அஞ்சு வெரலும் பதிஞ்சு கெடந்துச்சு. நான் சொன்னா நீங்க உள்ள போவிய. வெளிய வந்த பொறவு அவள என்ன செய்விய? பயந்துதான் வாய மூடிக்கிட்டேன்."

சொல்லிவிட்டு லிவரை அமுக்கினான். காற்று சீறியது. குறுக்குச் சட்டம் என் மேல் இறங்கியது. கையை ஊன்றி நகரப் பார்த்தேன், இடமில்லை. சட்டைப் பொத்தானில் இரும்பு பட்டது. அப்புறம் நெஞ்சில் பட்டது. மூச்சை இழுத்தால் எலும்பில் அழுத்தியது, விட்டால் திரும்ப இழுக்க முடியுமா என்று தெரியவில்லை. சுடலை, சுடலை என்று கத்தினேன். மூத்திரம் போய்விட்டது, வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். எங்கேயோ 'டொக்' என்று ஒரு சத்தம் கேட்டது. பஸ் நின்றது. அவன் குனிந்து என் முகத்தைப் பார்த்தான். "இந்தப் பயம் எப்படியிருக்கு அத்தான்? எங்க அக்கா இதோடதான் ஒங்க வீட்டுல குடும்பம் நடத்துனா. எம்மவளுக்கு அது வேண்டாம். தபசு அன்னைக்கு ஒங்க மவனப் பாத்தேம்லா. அதே வீடு, அதே கை." சொல்லிவிட்டு லிவரை மேலே தூக்கினான். காற்று ஏறி, பஸ் கொஞ்சம் கொஞ்சமாக என் மேலிருந்து எழுந்தது.

நான் ஊர்ந்து வெளியே வந்து மண்ணில் அப்படியே கிடந்தேன். கிடந்தபடி உள்ளே பார்த்தேன். மறுபக்கம், வலது சக்கரத்துக்கு நேரே அச்சின் மேல் இன்னொரு கட்டை இருந்தது. 'டொக்' என்று சேஸிஸ் வந்து உட்கார்ந்தது அதன் மேல்தான். நான் பட்டறைக்கு வருவதற்கு முன்பே, ஒற்றைக் கையோடு அடியில் புகுந்து அவன் அதை வைத்திருக்கிறான். பதினாறு வருஷக் கோபத்தை மனதில் வைத்துக்கொண்டு வந்த ஆள், முதலில் கட்டையை வைத்துவிட்டுத்தான் லிவரில் கை வைத்திருக்கிறான். எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது. அவன் என்னைத் தூக்கிவிடவில்லை. "ஒங்க மவன்கிட்ட எல்லாத்தையும் சொல்லுங்க. அவன் வாயாலேயே கோமதிகிட்ட சொல்லட்டும், தபசு அன்னைக்குச் செஞ்சதையும் சேத்து. பொறவு அவ என்ன சொல்லுதாளோ அதான்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அன்று மத்தியானமே உன் அம்மாவிடம் சொன்னேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் நிமிரவே இல்லை. "எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றாள். "தெரியாமலா அடி வாங்குனேன்?" பிறகு சுளகைக் கீழே வைத்துவிட்டு, "அவன்கிட்ட சொல்லுங்க. சொல்லாம நான் தாம்பூலத் தட்டத் தூக்க மாட்டேன்" என்றாள். அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். சாப்பாடு எடுத்து வைத்தாள். நான் கேட்டதும் அவள் மன்னித்துவிட வேண்டும் என்று எதிர்பார்க்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது.

பட்டறை இனி உன்னுடையது. காலையில் முதல் வேலையாகக் காற்று டேங்கைத் திறந்து உள்ளே சேர்ந்த தண்ணீரை வெளியே விடு. பலூன் மடிப்பில் சோப்புத் தண்ணீர் தடவிப் பார், நுரை வந்தால் நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதே. காற்று ஒழுகுகிற பைப்பில் போல்ட்டைச் சொருகி அனுப்பச் சொல்கிற முதலாளியின் பஸ்ஸைத் தொடாதே. கம்பெனி அளவுக்கு மேல் ஒரு நூல்கூட ஏற்றாதே, எவன் சிரித்தாலும் சரி. உனக்குக் கீழே வேலை பார்க்கிறவன் முடியாது என்று சொன்னால், அவன் சரியாகச் சொல்கிறானா என்று மட்டும் பார். கோபம் வந்தால் கையில் இருக்கிற சாமானை முதலில் கீழே வை. இதையெல்லாம் நான் செய்ததில்லை. செய்யாததால் என்ன ஆகும் என்று தெரிந்தவன் என்பதால் சொல்கிறேன்.

ஊரில் இறங்கியதும் வீட்டுக்கு வராதே. நேராக மாமா வீட்டுக்குப் போ. மாமாவையும் அத்தையையும் வைத்துக்கொண்டே கோமதியிடம் இதை முழுதாகப் படித்துக் காட்டு. தபசு அன்று நடந்ததை உன் வாயால் சொல், டிரைவர் என்ன பேசினான் என்பதில் ஆரம்பிக்காதே. அவள் யோசிக்க வேண்டும் என்றால் யோசிக்கட்டும், ஆவணி போனால் தையில் வைத்துக்கொள்ளலாம். அவள் வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று கேட்காதே. எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு வா. உனக்குக் கோபம் பொங்கிக்கொண்டு வரும், எனக்குத் தெரியாதா அது. அந்தக் கோபத்தோடு அவள் பக்கமோ உன் அம்மா பக்கமோ வழியில் எவன் பக்கமோ திரும்பாதே. பட்டறைக்கு வா. அந்தப் பலூனை ஆணியிலிருந்து கழற்றி வைத்துவிட்டு, அது தொங்கின சுவர் ஓரத்தில் உட்கார்ந்திருப்பேன். நீ அடிக்க வேண்டிய ஆள் நான்தான், தடுக்க மாட்டேன். முற்றத்தில் பஸ் நிற்கும். என் மேல் கை ஓங்குவதற்கு முன்னால், அதற்கு அடியில் யாராவது வேலை பார்க்கிறார்களா என்று மட்டும் ஒரு தடவை குனிந்து பார்த்துக்கொள்.

உன் அப்பா